ஒரே மந்தை, ஒரே நோய், வேறு வேறு முடிவு: செம்மறியின் நோய் எதிர்ப்பு மரபணுக்கள்

1987-ஆம் ஆண்டு விழுப்புரம் பக்கம் அரசூரில் செம்மறி ஆடுகளுக்கு ஒரு நோய் வந்தது. காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் சளி ஒழுகல், வாய்ப்புண், அப்புறம் விடாத கழிச்சல். அந்தக் காலத்தில் ஆடுகளிடம் இந்த அறிகுறிகள் தெரிந்தால், மாட்டுக்கு வரும் வெக்கை நோய்தான் ஆட்டுக்கும் தொற்றியிருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். அரசூர் மாதிரிகளைச் சோதித்தபோதுதான் இது வேறு வைரஸ் என்று தெரிந்தது. 1942-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டில் முதன்முதலில் பதிவான ஆட்டுக்கொல்லி நோய் அது. இந்தியாவில் அந்த நோய் உறுதி செய்யப்பட்ட முதல் ஊர் அரசூர். அங்கே கிடைத்த வைரஸை வலுவிழக்கச் செய்து, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பின்னாளில் ஒரு தடுப்பூசியையே உருவாக்கியது. ‘அரசூர் 87’ என்பது அதில் உள்ள வைரஸின் பெயர்.

ஆட்டுக்கொல்லி நுழைந்த மந்தையைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். எல்லா ஆடும் ஒரே மாதிரி விழுவதில்லை. சில ஆடுகள் நான்கைந்து நாளில் செத்துப்போகும். சில ஆடுகள் எலும்பும் தோலுமாகி, பிறகு மெல்லத் தேறும். இன்னும் சில, அதே பட்டியில் அதே தண்ணீரைக் குடித்தும், லேசாகச் சுணங்கிவிட்டு மறுபடி மேயப் போய்விடும். வயது, தீவனம், வயிற்றில் உள்ள புழுக்களின் சுமை, பிறந்ததும் குடித்த சீம்பால், முன்பு வந்துபோன நோய்கள், போட்ட தடுப்பூசி என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை நம் கையில் இருப்பவை. ஆனால் இவை அனைத்தையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் ஆட்டுக்கு ஆடு ஒரு வேறுபாடு மிஞ்சுகிறது. தாயிடமிருந்தும் கிடாவிடமிருந்தும் வந்த பங்கு அது.

சென்னையில் இருப்பவருக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். நகரத்துக்காரர்களுக்குச் செம்மறி என்றால் புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியும் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இந்த நகரத்தின் பெயரையே தாங்கிய ஓர் ஆட்டினம் இருக்கிறது: மெட்ராஸ் ரெட். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களும் சென்னையின் ஓரங்களும்தான் இதன் பூர்விகம். இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு முதல் அடர் பழுப்பு வரை நிறம், கம்பளிக்குப் பதில் குட்டை முடி, கிடாவுக்கு முறுக்கிய கொம்பு, பெட்டைக்குக் கொம்பில்லை. வண்டலூரைத் தாண்டி ஏரிக்கரைகளிலும் புறம்போக்கிலும் இன்றும் மேய்கிறது. தமிழ்நாட்டில் 2019 கணக்கெடுப்பின்படி சுமார் 45 லட்சம் செம்மறிகள் உள்ளன. மேச்சேரி, வேம்பூர், கீழக்கரிசல், ராமநாதபுரம் வெள்ளை, திருச்சி கருப்பு, கச்சைகட்டி கருப்பு, செவ்வாடு, கோயம்புத்தூர், நீலகிரி என்று இனங்களும் பல. ஒவ்வொன்றும் தன் மண்ணின் வெயிலோடும் பூச்சியோடும் கிருமியோடும் பல நூறு தலைமுறை மோதிப் பிழைத்து வந்தது. அந்த மோதலில் எது தப்பியது என்ற பதிவு அவற்றின் மரபணுக்களில்தான் இருக்கிறது.

செல் எதைக் காட்டுகிறது?

நோய் எதிர்ப்பு என்றதும் ஆன்டிபாடிகளைத்தான் நினைக்கிறோம். அதற்கு முந்தைய கட்டம் ஒன்று உண்டு. உடலுக்குள் புகுந்தது அந்நியப் பொருள் என்று முதலில் அடையாளம் தெரிய வேண்டும். முதுகெலும்பு விலங்குகளில் இந்த வேலையின் மையத்தில் இருப்பது எம்.எச்.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் மரபணுத் தொகுப்பு. மனிதனுக்கு இது ஆறாவது குரோமோசோமில் இருக்கிறது. செம்மறிக்கு மொத்தம் 27 ஜோடி குரோமோசோம்கள். அவற்றில் இருபதாவதில் இந்தத் தொகுப்பு உட்கார்ந்திருக்கிறது.

வேலை நடக்கும் விதம் இப்படி. ஒரு வைரஸ் செல்லுக்குள் நுழைந்து தன் புரதங்களைத் தயாரிக்கத் தொடங்குகிறது. செல் அந்தப் புரதங்களில் சிலவற்றைச் சிறு துண்டுகளாக நறுக்குகிறது. எட்டு முதல் பத்து அமினோ அமிலம் நீளமுள்ள ஒரு துண்டை எம்.எச்.சி. மூலக்கூறு ஒன்று ஏந்திக்கொண்டு செல்லின் மேற்பரப்புக்கு வந்து, தாம்பாளத்தில் வைத்து நீட்டுவது போல வெளியே காட்டுகிறது. அந்தப் பக்கம் வரும் டி செல், அதாவது காவல் சுற்றும் ஒரு வகை இரத்த வெள்ளை அணு, அதைத் தொட்டுப் பார்க்கிறது. நம்முடைய சரக்குதான் என்றால் நகர்ந்துவிடுகிறது. அந்நியம் என்றால் அந்தச் செல்லையே அழிக்கிறது. இது முதல் வகுப்பு எம்.எச்.சி. செய்யும் வேலை. இரண்டாம் வகுப்பு மூலக்கூறுகள், வெளியிலிருந்து விழுங்கிய பாக்டீரியா, புழு முதலானவற்றின் சற்றே நீளமான துண்டுகளைக் காட்டுகின்றன. அவற்றைப் பார்த்து விழித்துக்கொள்ளும் உதவி டி செல்கள்தான், ஆன்டிபாடி தயாரிக்கும் செல்களை முடுக்கிவிடுகின்றன.

டி செல் இப்படி எம்.எச்.சி.யோடு சேர்த்துத்தான் கிருமியை அடையாளம் காண்கிறது என்பதை 1974-இல் எலிகளில் காட்டியவர்கள் பீட்டர் டோஹர்ட்டியும் ரோல்ஃப் சிங்கர்நாகலும். 1996-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. டோஹர்ட்டி படித்தது கால்நடை மருத்துவம். எலிகளுக்கு வருவதற்கு முன்பு எடின்பரோவில் அவர் ஆராய்ந்தது, உண்ணிகள் பரப்பும் ஒரு மூளைக்காய்ச்சல் வைரஸ் செம்மறிகளை என்ன செய்கிறது என்பதை. மருத்துவ நோபலின் பின்னணியில் ஆட்டுப்பட்டியும் இருக்கிறது என்பது கால்நடை மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லத் தகுந்த செய்தி.

சரி, இதில் ஆட்டுக்கு ஆடு வேறுபாடு எங்கே வருகிறது? அந்த மூலக்கூறில் துண்டு உட்காரும் பள்ளத்தில். பள்ளத்தின் சுவரில் உள்ள ஓர் அமினோ அமிலம் மாறினால், அதில் பொருந்தக்கூடிய துண்டுகளும் மாறுகின்றன. ஒரு ஆட்டின் மூலக்கூறு கச்சிதமாகப் பிடித்துக் காட்டும் துண்டை, இன்னொரு ஆட்டின் மூலக்கூறு நழுவவிட்டுவிடும். காட்டாததை டி செல் பார்க்க முடியாது.

செம்மறியின் எம்.எச்.சி. தொகுப்பில் மிக அதிகமாக வேறுபடுவது டிஆர்பி1 என்ற இரண்டாம் வகுப்பு மரபணு. ஒரே மரபணுவின் வெவ்வேறு வடிவங்களை அல்லீல்கள் என்கிறோம். டிஆர்பி1-க்கு நூற்றுக்கும் மேற்பட்ட அல்லீல்கள் செம்மறிகளில் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. அந்த வேறுபாடுகளில் பெரும்பகுதி மரபணுவின் இரண்டாவது எக்ஸானில், அதாவது துண்டு உட்காரும் பள்ளத்தை வார்க்கும் அதே பகுதியில் குவிந்திருக்கிறது. தற்செயலாக நேர்ந்த மாற்றங்களாக இருந்தால் மரபணு முழுக்கச் சிதறிக் கிடந்திருக்க வேண்டும். பள்ளத்தில் மட்டும் இப்படிக் குவிந்திருப்பது இயற்கைத் தேர்வின் கைவேலை.

ஒரு தனி ஆட்டிடம் டிஆர்பி1-இன் இரண்டு வடிவங்களுக்கு மேல் இருக்க முடியாது. தாய் வழியாக ஒன்று, தந்தை வழியாக ஒன்று. நூறு வடிவங்கள் இருக்கின்றன என்பது இனத்தின் சொத்து, மந்தையின் சொத்து. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதன் ஆணிவேர் இதுதான். நோய் எதிர்ப்பு என்பதை ஒவ்வொரு ஆட்டின் குணமாக மட்டும் பார்த்தால் பாதிதான் புலப்படும்.

பொதுவாக ஒரு நல்ல மரபணு வடிவம் தோன்றினால் அது பரவி மற்றவற்றைத் துடைத்தெறிந்துவிடும். எம்.எச்.சி.யில் மட்டும் பல வடிவங்கள் நீண்ட காலமாக அருகருகே நிலைக்கின்றன. காரணங்கள் இரண்டு சொல்வார்கள். இரண்டு வேறு வடிவங்களை வைத்திருக்கும் ஆடு, ஒரே வடிவத்தை இரட்டையாக வைத்திருக்கும் ஆட்டைவிட அதிக வகைத் துண்டுகளைக் காட்ட முடியும். இது ஒன்று. கிருமிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன என்பது மற்றொன்று. மந்தையில் எந்த வடிவம் அதிகமோ அதிலிருந்து நழுவக் கற்றுக்கொள்ளும் கிருமிக்குத்தான் பிழைப்பு. அப்போது அரிதாகக் கிடந்த இன்னொரு வடிவத்துக்கு மதிப்பு கூடுகிறது. அது பெருகியதும் கிருமி அதற்கும் பழகுகிறது. இந்த ஓட்டம் நிற்பதில்லை. செம்மறியும் வெள்ளாடும் தனித்தனியாகப் பிரிவதற்கு முன்பே தோன்றிய அல்லீல் வம்சங்கள் இன்றும் இரண்டிலும் தொடர்கின்றன. அதனால் ஒரு செம்மறியின் டிஆர்பி வடிவம், பக்கத்தில் நிற்கும் இன்னொரு செம்மறியின் வடிவத்தைவிட ஒரு வெள்ளாட்டின் வடிவத்துக்கு நெருக்கமாக இருப்பதும் உண்டு.

மழைக்குப் பிந்தைய புல்லில் இருப்பது

வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் ஏரி ஓரங்களில் புல் தளதளவென்று நிற்கும். மேய்ப்பவர்களுக்கு நல்ல காலம். புழுக்களுக்கும் நல்ல காலம். இந்தப் பகுதிச் செம்மறிகளின் பெரிய எதிரி ஹீமாங்கஸ் கன்டார்ட்டஸ் என்ற இரைப்பைப் புழு. இரத்தம் குடிக்கும் புழு இது. இரத்தம் நிறைந்த சிவப்புக் குடலும் வெள்ளைக் கருப்பையும் முறுக்கிக்கொண்டிருப்பதால் பெண் புழு கோடு போட்டது போலத் தெரியும். ஒரு பெண் புழு ஒரு நாளில் 5,000 முதல் 10,000 முட்டைகள் வரை இடும். ஒரு புழு நாளுக்குச் சுமார் 0.05 மில்லிலிட்டர் இரத்தத்தை வீணாக்குகிறது என்பது கணக்கு. வயிற்றில் ஆயிரம் புழு இருந்தால் தினமும் 50 மில்லிலிட்டர். கண்ணின் உட்சவ்வு வெளுத்து, தாடைக்குக் கீழே நீர் கோர்த்துத் தொங்கும். குட்டிகள் சட்டென்று சாகும்.

இதற்குக் குடற்புழு நீக்க மருந்து இருக்கிறதே என்றால், இருக்கிறது. ஆனால் அதன் கூர் மழுங்கி வருகிறது. அல்பெண்டசோல், பென்பெண்டசோல் வகை மருந்துகளுக்கு அசையாத புழுக்கள் உலகெங்கும் பெருகிவிட்டன, தமிழ்நாட்டுப் பண்ணைகளிலும் அவை பதிவாகியுள்ளன. மருந்து போய் ஒட்டுவது புழுவின் பீட்டா டியூபுலின் என்ற புரதத்தில். அதன் மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் போதும், மருந்து ஒட்டாது. ஆட்டின் மரபணுக்களில் உள்ள எதிர்ப்பை ஆய்வாளர்கள் இவ்வளவு தீவிரமாகத் தேடுவதற்கு இதுவே பெரிய காரணம்.

எந்த மந்தையிலும் புழுக்கள் சமமாகப் பங்கிட்டுக் கிடப்பதில்லை. சாணத்தில் முட்டைகளை எண்ணிப் பார்த்தால், மந்தையில் 20 அல்லது 30 விழுக்காடு ஆடுகளே பெரும்பாலான முட்டைகளைப் போட்டுக்கொண்டிருக்கும். மற்றவை அதே புல்லை மேய்ந்தும் குறைவாகவே போடும். இந்த வேறுபாட்டில் சுமார் கால்வாசி மரபுவழி வருவது என்று பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பல பத்தாண்டுகளாக முட்டை எண்ணிக்கை குறைந்த கிடாக்களைத் தேர்ந்தெடுத்தே புழு எதிர்ப்புள்ள மந்தைகளை உருவாக்கியிருக்கிறார்கள். எந்த மரபணு என்று தெரியாமலேயே இதைச் செய்ய முடிந்தது.

எந்த மரபணு என்ற தேடலில் முதலில் பிடிபட்டவற்றில் ஒன்று நம் டிஆர்பி1. ஸ்காட்லாந்தின் பிளாக்ஃபேஸ் இனக் குட்டிகளில் 1995-இல் வெளியான ஓர் ஆய்வு, டிஆர்பி1-இன் ஒரு குறிப்பிட்ட அல்லீல் உள்ள குட்டிகளின் சாணத்தில் டெலடார்சேஜியா என்ற குளிர்நாட்டு இரைப்பைப் புழுவின் முட்டைகள் கணிசமாகக் குறைந்திருப்பதைக் காட்டியது. பிறகு சஃபோக் இனத்திலும் அதே மரபணுவுக்கும் புழு எதிர்ப்புக்கும் தொடர்பு தெரிந்தது. அதே பிளாக்ஃபேஸ் ஆடுகளில் செய்த தொடர் ஆய்வுகள் இன்னொன்றையும் சொல்லின. இரைப்பைச் சுவரில் ஐஜிஏ என்ற ஆன்டிபாடி அதிகமுள்ள ஆட்டில் புழு நீளமாக வளர்வதில்லை. நீளமில்லாத புழு அதிகம் முட்டையிடுவதில்லை. எதிர்ப்பு என்றால் புழுவைக் கொன்று வெளியேற்றுவது மட்டும்தான் என்றில்லை, குட்டையாகவே வைத்திருப்பதும் எதிர்ப்புதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஸ்காட்லாந்தின் அல்லீலை மெட்ராஸ் ரெட்டில் தேடிப் பிடித்து ‘இது புழு எதிர்ப்புக் கிடா’ என்று விலை கூட்டி விற்பதில் அர்த்தமில்லை. புழு வேறு, இனம் வேறு, சூழல் வேறு. ஓர் இனத்தில் உதவிய வடிவம் இன்னொன்றில் பயனற்றுப் போனதும் உண்டு. மேலும் டிஆர்பி1-இன் அக்கம்பக்கத்தில் நோய் எதிர்ப்பு மரபணுக்கள் நெருக்கமாக அடுக்கியிருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக அவை ஒரு கட்டாகவே கைமாறுவதால், பலன் தருவது டிஆர்பி1தானா, பக்கத்து மரபணுவா என்று பிரித்தறிவது கடினம்.

மருந்தே இல்லாத தீவு

இந்தத் துறையில் என்னை மிகவும் ஈர்த்த ஆய்வு நடப்பது ஸ்காட்லாந்துக்கு மேற்கே, அட்லாண்டிக் கடலில் உள்ள செயின்ட் கில்டா தீவுகளில். ஹெர்டா என்ற தீவிலிருந்து 1930-இல் கடைசி மக்களும் வெளியேறினார்கள். 1932-இல் பக்கத்துத் தீவான சோயேயிலிருந்து 107 ஆடுகளை அங்கே கொண்டுவந்து விட்டார்கள். அவற்றுக்கு மேய்ப்பவர் இல்லை, வேட்டை விலங்கு இல்லை, புழு மருந்து இல்லை, தீவனமும் யாரும் போடுவதில்லை. 1985 முதல் ஆய்வாளர்கள் ஒவ்வொரு ஆட்டுக்கும் காது வில்லை போட்டு, பிறப்பு முதல் இறப்பு வரை பதிவு செய்கிறார்கள். சில குளிர்காலங்களில் பாதிக்கு மேற்பட்ட ஆடுகள் பசியிலும் புழுச்சுமையிலும் மடிந்துவிடுகின்றன. யார் பிழைத்தது, யார் பிழைக்கவில்லை என்பதை மரபணுவோடு ஒப்பிட இதைவிடத் தெளிவான களம் கிடைப்பது அரிது.

1998-இல் வெளியான ஆய்வில், அங்கே டிஆர்பி பகுதியின் சில வடிவங்களைக் கொண்ட குட்டிகளுக்குப் புழு முட்டை குறைவு, முதல் குளிர்காலத்தைத் தாண்டும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. வேறு சில வடிவங்களுக்கு நேர்மாறு. 2001-இல் நோய் எதிர்ப்புச் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லப் பயன்படுத்தும் இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தின் மரபணுவுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு வேறுபாடும் புழு எதிர்ப்போடு சேர்ந்து போவது தெரியவந்தது. இரண்டாம் வகுப்பு எம்.எச்.சி. பகுதியை முழுமையாகப் படித்தபோது, வெளியுலகத் தொடர்பற்ற அந்தச் சிறு கூட்டத்திலும், ஒன்றாகவே கைமாறும் அல்லீல்களின் எட்டு வேறு கட்டுகள் அழியாமல் நின்றிருந்தன.

2010-இல் வந்த முடிவு இன்னும் ஆழமானது. நோய் எதிர்ப்பு மண்டலம் தீவிரமாக வேலை செய்யும் ஆடுகளில் சொந்த உடலின் பொருட்களுக்கு எதிராகவே ஆன்டிபாடிகள் சற்று அதிகம் இருந்தன. அப்படிப்பட்ட பெட்டைகள் கடுமையான குளிர்காலத்தைத் தாண்டிப் பிழைத்தன; ஆனால் குட்டி ஈனுவதில் பின்தங்கின. எதிர்ப்பு குறைந்தவை நல்ல ஆண்டுகளில் நிறைய ஈன்று, கெட்ட ஆண்டுகளில் செத்தன. அதிக எதிர்ப்பு எப்போதும் நல்லது என்று எழுதிவிட முடியாததற்கு இதுவே சாட்சி. எதிர்ப்புக்கு ஆடு விலை கொடுக்கிறது. எந்த ஆண்டு எப்படி இருக்கும் என்று தெரியாத நிலையில், இரண்டு வகை ஆடுகளும் மந்தையில் இருப்பதுதான் மந்தைக்குக் காப்பு.

மற்ற மரபணுக்கள்

எம்.எச்.சி.யைப் பற்றியே பேசினால் படம் முழுமையாகாது. கிருமி நுழைந்த முதல் சில மணி நேரத்திலேயே அதன் பொது அடையாளங்களை முகர்ந்து எச்சரிக்கும் டோல் ஏற்பிகள் என்ற குடும்பம் இருக்கிறது. செம்மறியில் பத்து. நான்காவது ஏற்பி சில பாக்டீரியாக்களின் மேலுறையை அடையாளம் காணும்; ஏழாவதும் எட்டாவதும் ஆர்.என்.ஏ. வைரஸ்களை. ஆட்டுக்கொல்லி வைரஸும் ஆர்.என்.ஏ. வைரஸ்தான். சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் பங்கேற்ற, 2014-இல் வெளியான ஓர் ஆய்வு வெள்ளாட்டு இனங்களின் இரத்த வெள்ளை அணுக்களில் இந்த வைரஸ் எவ்வளவு பெருகுகிறது என்று பார்த்தது. கன்னி, சேலம் கருப்பு இனங்களின் அணுக்களில் குறைவாகவும், பார்பாரி, தலைச்சேரி இனங்களின் அணுக்களில் அதிகமாகவும் பெருகியது. அந்த வேறுபாடு டோல் ஏற்பிகளின், குறிப்பாக ஏழாவதன், துடிப்போடு சேர்ந்து போனது. நம் மண்ணின் இனங்களை வைத்து, நம் மண்ணில் பதிவான நோய்க்கு, நம் ஊரிலேயே நடந்த வேலை இது. செம்மறி இனங்களிலும் இதே கேள்வியை இன்னும் விரிவாகக் கேட்க வேண்டும்.

ஐஸ்லாந்தின் கதையையும் சொல்லியாக வேண்டும். சுமார் ஆயிரம் ஆண்டுகளாகத் தனித்திருந்த அந்நாட்டு ஆடுகளிடையே, 1933-இல் ஜெர்மனியிலிருந்து 20 காரக்குல் ஆடுகளை இறக்கினார்கள். பார்க்க ஆரோக்கியமாக இருந்த அவற்றோடு மேடி விஸ்னா என்ற வைரஸும் வந்தது. மூச்சுத் திணறலும் பக்கவாதமுமாக மந்தைகள் அழிந்தன. நோயை ஒழிக்க, எஞ்சிய ஆடுகளையும் பெரும் எண்ணிக்கையில் வெட்ட வேண்டியதாயிற்று. அந்த வைரஸ் தொற்றும் வாய்ப்பை டிஎம்இஎம்154 என்ற ஒரு மரபணுவின் வேறுபாடு பெரிதும் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது என்பது 2012-இல்தான் அமெரிக்க ஆய்வாளர்களுக்குப் பிடிபட்டது. ஒற்றை மரபணு இவ்வளவு எடை தாங்குவது அபூர்வம். புழு எதிர்ப்பு அப்படியல்ல; நூற்றுக்கணக்கான மரபணுக்களின் சிறு சிறு பங்களிப்பு அது.

சீம்பாலையும் விட்டுவிடக் கூடாது. மனிதக் குழந்தைக்குக் கருவிலேயே தாயின் ஆன்டிபாடிகள் கிடைத்துவிடும். ஆட்டின் நஞ்சுக்கொடி அவற்றைக் கடத்துவதில்லை. குட்டி வெறுங்கையோடுதான் பிறக்கிறது. முதல் சில மணி நேரத்தில் குடிக்கும் சீம்பாலில்தான் எல்லாம் வந்தாக வேண்டும், ஒரு நாள் கழிந்தால் குடல் அவற்றை உள்ளே விடாது. எவ்வளவு நல்ல மரபணுக்களோடு பிறந்த குட்டியும் சீம்பால் கிடைக்காவிட்டால் திணறும்.

நாட்டு இனம் என்றால் போதுமா?

‘நாட்டு ஆட்டுக்கு நோயே வராது’ என்ற பேச்சை அடிக்கடி கேட்கிறோம். கென்யாவின் ரெட் மாசாய், மேற்கு வங்கத்தின் காரோல் முதலிய வெப்பநாட்டு இனங்கள் ஹீமாங்கஸைத் தாங்கும் திறன் பெற்றவை என்பது நன்றாகவே நிறுவப்பட்டது. ஆனால் இதைப் பொதுவிதியாக்கக் கூடாது. நீலநாக்கு நோயைப் பாருங்கள். பெரும்பாலான நாடுகளில் அது மெரினோ போன்ற ஐரோப்பிய இனங்களைத்தான் கடுமையாகத் தாக்கும், உள்ளூர் இனங்கள் பெரிதாகப் பாதிக்கப்படுவதில்லை. தென்னிந்தியாவில் நிலைமை வேறு. இங்கே நம் சொந்தச் செம்மறிகளே அதில் மடிகின்றன. 1997-98-இல் தமிழ்நாட்டில் பெரிய அளவில் பரவியபோது அதைக் கண்டோம். மழைக்காலத்தில் பெருகும் சிறு கொசு போன்ற கடிபூச்சிகள் பரப்பும் இந்த வைரஸில் 24-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. இந்தியாவில் போடும் தடுப்பூசி அவற்றில் ஐந்துக்கானது. நாட்டு இனத்தின் வலிமை தன் பகுதியில் நெடுங்காலம் சந்தித்த நோய்களுக்கு எதிரானது. புதிதாக வரும் வகைக்கு அது உதவுமா என்பது, மந்தையில் எத்தனை விதமான வடிவங்கள் எஞ்சியிருக்கின்றன என்பதைப் பொறுத்தது.

அந்தப் பலவகைமைக்கு இன்று பெரிய ஆபத்து, பலர் நினைப்பது போலக் கிருமியிடமிருந்து வரவில்லை. ஒரே கிடாவை வைத்துக் காலம் தள்ளும் பழக்கத்திலிருந்து வருகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மந்தையில் 40 பெட்டைகள், ஒரு கிடா. தலை எண்ணினால் 41. ஆனால் மரபியலில் பயனுறு எண்ணிக்கை என்று ஒன்று உண்டு: கிடாக்களின் எண்ணிக்கையையும் பெட்டைகளின் எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 160-ஐ 41-ஆல் வகுத்தால் 3.9. அதாவது மரபணுப் பலவகைமையைக் காப்பதில் இந்த மந்தை நான்கு ஆடுகளுக்குச் சமம். பெட்டைகளை நூறாக்கினாலும் 3.96தான், ஒற்றைக் கிடா இருக்கும்வரை இந்த எண் நான்கைத் தொடவே தொடாது. அதே 40 பெட்டைகளுக்கு நான்கு கிடாக்கள் என்றால் 14.5 ஆகிறது. உள்ளினச் சேர்க்கை, அதாவது நெருங்கிய உறவு ஆடுகளுக்குள் நடக்கும் சேர்க்கை, தலைமுறைக்கு 13 விழுக்காடு அளவில் ஏறுவதற்குப் பதில் மூன்றரை விழுக்காட்டுக்கு இறங்குகிறது. எம்.எச்.சி.யை மட்டும் எடுத்துக்கொண்டால் இன்னும் எளிது. ஒரு கிடாவிடம் டிஆர்பி1-இன் அதிகபட்சம் இரண்டு வடிவங்கள். அந்த ஆண்டு பிறக்கும் எல்லாக் குட்டிகளின் தந்தைவழிப் பாதியும் அந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். அதே கிடா தன் மகள்களையும் சேர்ந்தால், ஒரே வடிவத்தை இரட்டையாகச் சுமக்கும் குட்டிகள் பிறக்கத் தொடங்கும்.

இதற்கு மேய்ப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சென்னையைச் சுற்றிய மேய்ச்சல் நிலம் எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், பழைய மகாபலிபுரம் சாலை என்று ஏரிப் புறம்போக்கும் தரிசும் கம்பெனியாகவும் மனையாகவும் மாறின. நூறு ஆடு வைத்திருந்த குடும்பம் இருபது ஆட்டுக்கு வந்துவிட்டது. இருபது பெட்டைக்கு இரண்டாவது கிடா வளர்ப்பது கட்டுப்படியாகாது. வேகமாக எடை போடும் கிடாக்குட்டிகள் முதலில் கறிக்குப் போய்விடுகின்றன. மிஞ்சியதுதான் இனப்பெருக்கத்துக்கு நிற்கிறது.

செலவில்லாத வழி, கிடா மாற்றிக்கொள்வது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, கிடா தன் மகள்களோடு சேரும் பருவம் வருவதற்குள், உறவில்லாத அடுத்த ஊர் மந்தையோடு மாற்றிக்கொண்டால் போதும். அதே இனத்துக் கிடாவாக இருப்பது முக்கியம். நெல்லூர்க் கிடாவைச் சேர்த்தால் குட்டி உயரமாக வரும் என்று செய்யப்படும் கலப்பு பரவிக்கொண்டே போனால், மெட்ராஸ் ரெட் தனக்கென்று சேர்த்து வைத்தது கரைந்துவிடும். காட்டுப்பாக்கத்தில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம், அகில இந்தியச் செம்மறி மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் விவசாயிகளின் மெட்ராஸ் ரெட் மந்தைகளிலேயே எடையைப் பதிவு செய்து நல்ல கிடாக்களைக் கொடுத்து வருகிறது. அந்தத் தேர்வு பெரிதும் எடையை ஒட்டியது. அதோடு சாணத்தில் முட்டை எண்ணிக்கையையும் சேர்க்க வேண்டும் என்பது என் விருப்பம். ஒரு நுண்ணோக்கியும் உப்புக் கரைசலும் எண்ணும் வில்லையும் இருந்தால் செய்யக்கூடிய சோதனை அது. எடை, முட்டை எண்ணிக்கை இரண்டிலும் தேறிய கிடாக்களில், டிஆர்பி1 வடிவங்கள் ஒன்றுக்கொன்று வேறுபட்டவையாகப் பார்த்து வெவ்வேறு ஊர்களுக்குக் கொடுக்கலாம்.

மரபணுவைப் படிப்பது இப்போது எட்டாக்கனி இல்லை. ஐம்பதாயிரம் இடங்களை ஒரே நேரத்தில் சோதிக்கும் சில்லுகள் செம்மறிக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. 2012-இல் 74 இனங்களின் 2,819 ஆடுகளை அப்படி ஒப்பிட்ட ஓர் உலகளாவிய ஆய்வில் இந்தியாவின் காரோல், தக்காணி, சாங்தாங்கி இனங்களும் இடம்பெற்றன. செம்மறியின் முழு மரபணுத் தொகுதி 2014-இல் வெளியானது. ஆனால் எம்.எச்.சி. பகுதியில் ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும் மரபணுக்கள் நெருங்கிக் கிடப்பதால், இந்தச் சில்லுகள் அங்கே தடுமாறும். டிஆர்பி1-ஐயும் அதன் அண்டை மரபணுக்களையும் தனியாக, டி.என்.ஏ.வை நீண்ட துண்டுகளாகப் படிக்கும் நீள் வாசிப்பு முறையில் வரிசைப்படுத்தினால்தான் உண்மையான கணக்கு கிடைக்கும். பண்ணை ஆடுகளில் மட்டும் இரத்தம் எடுத்தால் பண்ணைக்கு வந்த சில கிடாக்களின் வாரிசுகளையே திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருப்போம். மதுராந்தகம், உத்திரமேரூர், திருத்தணிப் பக்கம் ஒன்றோடொன்று உறவில்லாத சிறு மந்தைகளில், மந்தைக்கு இரண்டு மூன்று ஆடு என்று பரவலாக எடுக்க வேண்டும். மழை முடிந்து புழுச்சுமை ஏறியிருக்கும் டிசம்பர், ஜனவரியில் போனால், அதே நடையில் சாண மாதிரியையும் எடுத்து வந்துவிடலாம்.